அடுத்த வீட்டு டிவி

1976 பிப்ரவரி 3-ம் தேதி, அமெரிக்காவில் 20 வயதுப் பையன் ஒருவன் மகா கோபத்தோடு ஒரு கடிதம் எழுதினான். பொழுதுபோக்குக்காகக் கம்ப்யூட்டரை நோண்டுகிறவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம். சாராம்சம் இதுதான்: உங்களில் முக்கால்வாசிப் பேர் திருடர்கள். ஹார்டுவேர் என்றால் காசு கொடுக்கிறீர்கள், சாஃப்ட்வேர் என்றால் மட்டும் ஊர்ப்பொதுச் சொத்துபோல ஓசியில் பங்கு போடுகிறீர்கள். எங்கள் வருமானத்தை உழைத்த நேரத்தால் வகுத்துப் பார்த்தால் மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை. கையெழுத்து: பில் கேட்ஸ், மைக்ரோ-சாஃப்ட். ஆமாம், நடுவில் ஒரு சின்னக் கோடு உண்டு. கம்பெனி அவ்வளவு புதுசு, பெயரே இன்னும் ஒட்டவில்லை.

கோபத்துக்குக் காரணம் ஒரு காகிதச் சுருள். அதற்கு முந்தைய வருஷம்தான் ஆல்டேர் 8800 என்றொரு பெட்டி சந்தைக்கு வந்திருந்தது. சில நூறு டாலர். பாகம் பாகமாக வரும், சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து நீங்களே பற்றவைத்துக்கொள்ள வேண்டும். கீபோர்டு கிடையாது, திரை கிடையாது. முன்பக்கம் வரிசையாக ஸ்விட்ச்சுகள், கண் சிமிட்டும் விளக்குகள். ராப்பகலாகப் பற்றவைத்து, கரெண்ட் கொடுத்து, விளக்கு சிமிட்டுவதைப் பார்த்துப் பரவசப்பட்ட பிறகு, "சரி, இது என்ன செய்யும்?" என்று வீட்டில் யாராவது கேட்டால் தலையைச் சொறிய வேண்டியதுதான். அது ஏதாவது செய்ய வேண்டுமென்றால் பேசிக் என்ற கணினி மொழி வேண்டும். அதைத்தான் கேட்ஸும் அவருடைய நண்பர் பால் ஆலனும் எழுதியிருந்தார்கள்.

எழுதியிருந்தார்கள் என்றா சொன்னேன்? முதலில் விற்றார்கள். அப்புறம்தான் எழுதினார்கள். ஆல்டேரைத் தயாரித்த மிட்ஸ் கம்பெனியின் எட் ராபர்ட்ஸிடம் "உங்கள் மெஷினுக்கு பேசிக் ரெடி சார்" என்று அடித்துவிட்டபோது ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. பிறகு விழுந்து விழுந்து எழுதி, டெமோ காட்ட ஆலன் விமானம் ஏறினார். நடுவானில்தான் ஞாபகம் வந்தது, காகிதச் சுருளில் இருப்பதை மெஷினுக்குள் ஏற்றிவிடும் குட்டிப் புரோகிராமை இருவருமே மறந்துவிட்டார்கள் என்று! சீட்டில் உட்கார்ந்தபடியே அதை எழுதி முடித்தார். டெமோ வேலை செய்தது. அதில் அதிகம் ஆச்சரியப்பட்டவர் ஆலன்தான்.

1975 ஜூனில் பாலோ ஆல்டோவில் ஒரு ஹோட்டலில் மிட்ஸ்காரர்கள் ஆல்டேரைக் கடை பரப்பினார்கள். பார்க்க வந்தவர்களில் பலர் பேசிக்குக்குப் பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். தனியாக வாங்கினால் பேசிக் யானை விலை. கம்பெனியின் மெமரி போர்டோடு சேர்த்து வாங்கினால் சல்லிசு. ஆனால் அந்த போர்டு பெரும்பாலும் வேலை செய்யாது. இப்படிப்பட்ட கஸ்டமர்கள் நிறைந்த அறையில் பேசிக் அடங்கிய, துளை போட்ட காகிதச் சுருள் ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தால் என்ன ஆகும்? ஆயிற்று.

அடுத்து நடந்த ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் கூட்டத்துக்கு ஒரு பெட்டி நிறைய பிரதிகள் வந்து இறங்கின. எடுத்துக்கொள்ளலாம், இலவசம். நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒன்றை எடுத்துப்போகிறவர் அடுத்த முறை இரண்டாகக் கொண்டுவர வேண்டும். "இந்த நோட்டீஸை 100 பேருக்கு அச்சடித்துக் கொடுத்தவருக்கு லாட்டரி விழுந்தது, கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கினார்" என்று நம்மூரில் வீடு வீடாக வருமே, அதே ஏற்பாடுதான். சாமி பெயர் மட்டும் இல்லை.

கேட்ஸ் கொதித்ததில் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ராத்தூக்கம் கெட்டு எழுதியவன் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் இந்த தர்மாவேசத்துக்குக் கொஞ்சம் முன்கதை உண்டு. சியாட்டிலில் ஸ்கூல் பையனாக இருந்தபோது கேட்ஸும் நண்பர்களும் உள்ளூர்க் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றின் குப்பைத் தொட்டியைக் கிளறி, தூக்கிப்போட்ட பிரின்ட்-அவுட்களைப் பொறுக்கி, அடுத்தவர் எழுதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் படித்துத்தான் தொழில் கற்றார்கள். இதை வேறு யாரும் போட்டுக்கொடுக்கவில்லை, பிற்காலத்தில் பேட்டியில் கேட்ஸே பெருமையாகச் சொன்னது.

அது கிடக்கட்டும், சின்ன வயசு. அந்தக் கடிதத்தில், தாங்கள் பயன்படுத்திய கம்ப்யூட்டர் நேரத்தின் மதிப்பே 40,000 டாலருக்கு மேல் என்று ஒரு கணக்கு வருகிறது. கம்ப்யூட்டர் யாருடையது? ஹார்வர்டு பல்கலைக்கழகத்துடையது. செலவு? ராணுவ இலாகாவின் ஆராய்ச்சிப் பணம். பேசிக் மொழியாவது இவர்கள் கண்டுபிடித்ததா என்றால் அதுவும் இல்லை. 1964-ல் டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் மாணவர்களுக்காக உருவாக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் யாருக்கும் கடிதம் எழுதவில்லை.

இத்தனை கலாட்டாவுக்கும் சட்டம் என்ன சொன்னது என்கிறீர்களா? சட்டம் திருதிருவென்று விழித்தது. அதன் கையில் இருந்த பழைய சங்கதி 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு. அதுவும் துளை போட்ட காகிதச் சுருள் பற்றியதுதான்! தானே வாசித்துக்கொள்ளும் பியானோ அப்போது பிரபலம். துளை போட்ட சுருளை மாட்டினால் பாட்டு வரும். இசைக் கம்பெனி கேஸ் போட்டது. நீதிபதிகள் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். துளைகள்தான் தெரிந்தன. மனிதக் கண்ணால் படிக்க முடியாதது எப்படி ஐயா பாட்டின் பிரதியாகும் என்று கேட்டுத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். கிளப்பில் சுருள் விநியோகித்த புண்ணியவான்களுக்கு இது தெரிந்திருந்தால் மாலை போட்டிருப்பார்கள்.

பாட்டுக்காரர்களுக்கு அடுத்த வருஷமே சட்டத்தைத் திருத்திக் கொடுத்தார்கள். சாஃப்ட்வேர்காரர்களுக்கு 1974-ல் ஒரு கமிஷன் போட்டார்கள். நாலு வருஷம் யோசித்து, புரோகிராமும் நாவல், கவிதைபோல ஒரு படைப்புதான் என்று கமிஷன் சிபாரிசு செய்தது. எதிர்த்து நீளமான குறிப்பு எழுதியவர், கமிஷனில் இருந்த நாவலாசிரியர் ஜான் ஹெர்ஸி. 'ஹிரோஷிமா' எழுதிப் பேர் வாங்கிய மனிதர். எழுத்து என்பது மனுஷனிடம் பேசுவது, இதுவோ மெஷினை ஓட்டும் உறுப்பு, இரண்டையும் ஒரே பந்தியில் உட்காரவைக்காதீர்கள் என்றார். யாரும் கேட்கவில்லை. ஆக, இலக்கியத்துக்குச் சமமென்று புரோகிராமைத் தூக்கிப் பிடித்தவர்களில் பலர் வக்கீல்கள். வேண்டாமென்றவர் இலக்கியவாதி.

1980-ல் சட்டம் வந்தது. காசு கொடுத்து வாங்கிய புரோகிராமை உன் மெஷினில் ஓட்டுவதற்காகக் காப்பி எடுத்துக்கொள்ளலாம், தேவைப்பட்டால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், பத்திரத்துக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் சலுகை. இந்தியாவும் 1984-ல் கணினி நிரல்களை இலக்கியப் படைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. 1995-ல் அமலுக்கு வந்த திருத்தம், திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருஷம் உள்ளே என்றது (வியாபார நோக்கம் இல்லையென்றால் கோர்ட் பார்த்து ஜெயிலைத் தவிர்க்கலாம்). சட்டம் அமலுக்கு வந்த காலத்தில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவர்களைக் கேளுங்கள், "எல்லாமே போட்டுக் கொடுத்துட்டேன் சார், ஆபீஸ், போட்டோஷாப், கேம்ஸ் எல்லாம்" என்று கடைப் பையன் சொன்ன கருணை வாக்கு இன்னும் காதில் ஒலிக்கும். 7 நாள் வீதம் கணக்குப் போட்டிருந்தால் சென்ட்ரல் ஜெயிலை அண்ணா சாலை வரை நீட்டியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் புதுச் சட்டத்தைச் சோதித்துப் பார்த்தது ஃபிராங்க்ளின் என்ற கம்பெனி. ஆப்பிள்-2 கம்ப்யூட்டர் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த நேரம். ஆப்பிள்-2 புரோகிராம்கள் எல்லாம் ஓடும் மெஷினை ஃபிராங்க்ளின் இறக்கியது. ஓடாமல் என்ன செய்யும்? உள்ளே இருந்தது அத்தனையும் ஆப்பிளின் சொத்து. ஆப்பிளின் காப்பிரைட் அறிவிப்புகளை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடித்தேடி நீக்கியிருந்தார்கள். ஒன்றே ஒன்று கண்ணில் படவில்லை. ஆப்பிளின் புரோகிராமர் ஜேம்ஸ் ஹஸ்டன் தன் பெயரைக் கோடுக்குள் பொதித்துவைத்திருந்தார். ஃபிராங்க்ளின் டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் நடுவில் ஹஸ்டன் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து புரோகிராமில் 'ஆப்பிள்சாஃப்ட்' என்ற பெயரும்!

இதற்கு மேல் என்ன வாதாடுவது? ஃபிராங்க்ளினும் "நாங்கள் காப்பியே அடிக்கவில்லை" என்றெல்லாம் சொல்லவில்லை. ஆமாம், அடித்தோம், ஆனால் சிப்புக்குள் இருக்கும் ஒன்றும் பூஜ்யமும் படைப்பே அல்ல, மனுஷனால் படிக்க முடியாது, தவிர அதே புரோகிராம்கள் ஓட வேண்டுமென்றால் வேறு மாதிரி எழுதவும் முடியாது என்றது. பியானோ சுருளின் ஆவி மறுபடி வந்துவிட்டது. கீழ்க்கோர்ட் கொஞ்சம் மயங்கியது. 1983-ல் அப்பீல் கோர்ட் ஆவியை ஓட்டியது: சிப்பில் இருந்தாலும் படைப்புதான், காப்பிரைட் உண்டு. ஃபிராங்க்ளின் 25 லட்சம் டாலர் கட்டி ஒதுங்கியது. பிற்பாடு அதே கம்பெனி கையடக்க எலெக்ட்ரானிக் அகராதி விற்றுப் பிழைத்தது. அகராதியில் எல்லா வார்த்தையும் பொதுச் சொத்து, பாருங்கள்.

படைப்பாளியின் உரிமையை இப்படி வானளாவ நிலைநாட்டிய ஆப்பிள், கொஞ்சம் முன்பு என்ன செய்துகொண்டிருந்தது? 1979-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பரிவாரத்தோடு போய், திரையில் ஜன்னல்கள் திறப்பதையும் மவுஸ் ஓடுவதையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா நுழைந்தார் என்று சொல்வது பாவம். பங்கு வெளியீட்டுக்கு முன்பே ஆப்பிள் ஷேர் வாங்கிக்கொள்ள ஜெராக்ஸுக்கு வாய்ப்புக் கொடுத்துத்தான் உள்ளே போனார். ஆனாலும் ஷேர் வாங்கியவன் வீட்டில் பார்த்த சோபா, நாற்காலி, திரைச்சீலை எல்லாம் சில வருஷத்தில் நம் வீட்டு ஹாலில் இருந்தால் கேள்வி வரத்தானே செய்யும்?

கேள்வி கேட்க முதலில் கோர்ட்டுக்குப் போனது யார் தெரியுமா? ஆப்பிள்! 1988-ல் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் எங்கள் மேக்கின்டாஷைப் பார்த்து அடித்த காப்பி என்று கேஸ். ஒற்றுமைகளைப் பட்டியல் போட்டார்கள், மொத்தம் 189. மைக்ரோசாஃப்ட் அமைதியாக ஒரு பழைய பேப்பரை எடுத்து நீட்டியது. 1985-ல் ஆப்பிளின் தலைவர் ஜான் ஸ்கல்லி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த லைசென்ஸ். மேக்கின்டாஷுக்கு வேர்டும் எக்ஸலும் எழுதமாட்டோம் என்று கேட்ஸ் மிரட்டியதில் போட்ட கையெழுத்து. இப்போதைய புரோகிராம்களுக்கும் எதிர்காலப் புரோகிராம்களுக்கும் செல்லும் என்று அதில் ஒரு வரி. ஸ்கல்லி விண்டோஸ் 1.0-வுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தார். பெப்சி விற்ற மனிதர், பாட்டிலின் லேபிளைப் படித்திருக்க வேண்டாமா?

189-ல் 179 அந்தப் பேப்பருக்குள் அடங்கிவிட்டது என்றது கோர்ட். மிச்சம் 10. அவையும் பெரும்பாலும் யாருக்கும் சொந்தமில்லாத பொதுக் கருத்துகள் என்று ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஆப்பிளுக்கு ஆறுதலாக மிஞ்சியவற்றில் முக்கியமானது, மைக்ரோசாஃப்ட்டோடு சேர்த்து வழக்கில் இழுத்திருந்த ஹெச்பி கம்பெனியின் புரோகிராமில் வந்த ஒரு குட்டிப் படம். குப்பைத் தொட்டி.

இந்தக் கூத்தின் நடுவே 1989 டிசம்பரில் ஜெராக்ஸுக்கும் ரோஷம் வந்தது. மேக்கின்டாஷே எங்கள் சரக்கு என்று ஆப்பிள் மீது கேஸ் போட்டது. உலகத்துக்கே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த ஜெராக்ஸ், எங்களை ஜெராக்ஸ் எடுத்துவிட்டார்கள் என்று கோர்ட் வாசலில்! பெரும்பகுதி வழக்கு மூன்றே மாதத்தில் தள்ளுபடி. பத்து வருஷம் கழித்தா வருவது?

இவர்கள் உறவைக் கேட்ஸ் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டதாக, பக்கத்தில் நின்று பார்த்த ஆப்பிள் என்ஜினியர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டு எழுதிவைத்திருக்கிறார். எங்களிடமிருந்து திருடுகிறாயா என்று ஜாப்ஸ் சத்தம் போட, கேட்ஸ் சாவகாசமாகச் சொன்னாராம்: நம் இரண்டு பேருக்கும் ஜெராக்ஸ் என்று ஒரு பணக்காரப் பக்கத்துவீட்டுக்காரர், டிவியைத் திருடலாம் என்று நான் போனால் அதை நீ ஏற்கெனவே தூக்கிவிட்டிருந்தாய், அவ்வளவுதான் விஷயம். திருடாதே என்று கடிதம் எழுதிய அதே கை. என்ன ஒரு முதிர்ச்சி!

1990-களில் இன்னொரு கம்பெனி, காப்பி என்று கோர்ட்டுக்கு ஓடும் இந்த வியாதியை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனது. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் பீக் என்ற நிறுவனத்தின் மீது மாய் என்ற கம்பெனி வழக்குப் போட்டது. குற்றம்? ரிப்பேர்காரர் மெஷினை ஆன் செய்தார். ஆன் செய்தால் மாயின் ஆபரேட்டிங் சிஸ்டம் டிஸ்க்கிலிருந்து ராம் மெமரிக்கு வருகிறது, வந்தால் அது ஒரு காப்பி, காப்பி எடுக்க ரிப்பேர்காரருக்கு உரிமை இல்லை. சிரிக்காதீர்கள், 1993-ல் அப்பீல் கோர்ட் இதை ஏற்றுக்கொண்டது! 1980 சட்டத்தின் சலுகை புரோகிராமைச் சொந்தமாக வைத்திருப்பவருக்குத்தானாம், லைசென்ஸ் வாங்கியவருக்கு இல்லையாம். ரிப்பேருக்காக ஸ்விட்ச் போடுவது குற்றமில்லை என்று எழுதிவைக்க அமெரிக்கப் பாராளுமன்றத்துக்கு 1998 வரை ஆயிற்று.

லோட்டஸ் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விசிகால்க் என்ற ஸ்பிரெட்ஷீட் கண்ட வெற்றியைப் பார்த்து லோட்டஸ் 1-2-3 வந்தது. லோட்டஸின் மெனுவில் இருந்த கட்டளைகளை அப்படியே வைத்து போர்லாண்டின் குவாட்ரோ வந்தது. விசிகால்க்கின் வாரிசாகப் பெரியவனான லோட்டஸ் உடனே கோர்ட்டுக்கு ஓடியது. லோட்டஸ் அலுவலகத்தின் முன் ரிச்சர்டு ஸ்டால்மன் தலைமையில் புரோகிராமர்கள் ஊர்வலம் போய்க் கோஷம் போட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வரும் கோஷம். ஒன்பதுக்கு அப்புறம் பத்து வரவில்லை, ஏ, பி, சி என்று போனது. ஹெக்ஸாடெசிமலில் கோஷம் போட்ட ஊர்வலம் உலக வரலாற்றிலேயே அதுவாகத்தான் இருக்கும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் எட்டு நீதிபதிகள் நாலுக்கு நாலு என்று பிரிந்து கையை விரித்தார்கள். மெனுவுக்குக் காப்பிரைட் இல்லை என்ற கீழ்க்கோர்ட் தீர்ப்பே நின்றது. போர்லாண்ட் ஜெயித்தது. ஆனால் குவாட்ரோவை அது ஏற்கெனவே விற்றுவிட்டிருந்தது.

கடைசியாக ஆரக்கிள். ஜாவா மொழியை உருவாக்கியது சன் கம்பெனி. அதன் கட்டளைப் பெயர்களை வைத்து கூகுள் ஆண்ட்ராய்டைக் கட்டியபோது, சன்னின் தலைவர் ஜோனத்தன் ஷ்வார்ட்ஸ் பகிரங்கமாக வாழ்த்துச் சொன்னார். 2010-ல் ஆரக்கிள் சன்னை வாங்கியது. அதே வருஷம் ஆகஸ்டில் கூகுள் மீது வழக்கு. கேட்ட நஷ்டஈடு ஒரு கட்டத்தில் 900 கோடி டாலர் வரை போனது. வாழ்த்து மடலுக்கு இப்படி ஒரு பில் யாருக்கும் வந்ததில்லை.

இதில் எனக்குப் பிடித்தது 9 வரி. 'ரேஞ்ச்செக்' என்ற துண்டுக் கோடு. ஒரு பட்டியலில் இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை எடு என்றால், ஆரம்பம் முடிவைவிடப் பெரிசா, பூஜ்யத்துக்குக் கீழே போகிறதா, பட்டியலைத் தாண்டுகிறதா என்று பார்த்து, தப்பென்றால் கத்தும். அவ்வளவுதான் அதன் ஜாதகம். ஜாஷ்வா பிளாக் என்பவர் சன்னில் இருந்தபோது எழுதினார். கூகுளுக்குப் போனபோது அதுவும் கூடவே போய்விட்டது. ஆரக்கிளின் நட்சத்திர வக்கீல் டேவிட் பாய்ஸ் இந்த 9 வரியால் கூகுள் எவ்வளவு லாபம் பார்த்தது என்று உருகினார். ஆனால் மேடையில் இருந்த நீதிபதி வில்லியம் ஆல்சப், பாவம் வக்கீல், பொழுதுபோக்காக புரோகிராம் எழுதுகிறவர். அதுவும் பேசிக்கில்! இந்த மாதிரி நானே நூறு தடவை எழுதியிருப்பேன் என்று சொல்லிவிட்டார். 9 வரியில் காப்பிரைட் மீறல் உண்டு என்று ஜூரி சொன்னது. அதற்கான நஷ்டஈட்டை இரண்டு தரப்பும் பேசி ஒப்புக்கொண்டன: 0 டாலர்.

பெரிய விஷயம், கட்டளைப் பெயர்கள் அடங்கிய 11,500 வரி. அது மேலும் கீழுமாகப் பல கோர்ட் ஏறி இறங்கி, 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்று கூகுள் பக்கம் சாய்ந்தது. இந்தப் பெயர்களுக்குக் காப்பிரைட் உண்டா இல்லையா என்பதுதானே கேள்வி? உண்டு என்றே வைத்துக்கொள்வோம், இருந்தாலும் கூகுள் செய்தது நியாயமான பயன்பாடு என்று சொல்லி, கேள்வியை அப்படியே மடித்து உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். புரோகிராமர்களுக்குப் பழகிப்போன பெயர்களை எடுத்துக்கொண்டால்தானே அவர்கள் புது இடத்தில் உடனே வேலை செய்ய முடியும் என்பது கூகுளின் வாதம். ஆரக்கிளுக்கு அது அடாவடியாகத் தோன்றியது.

அந்த ஆரக்கிள் பிறந்த கதை வேடிக்கையானது. எஸ்க்யூஎல் என்ற மொழியை உருவாக்கியவர்கள் ஐபிஎம் ஆராய்ச்சியாளர்கள். உருவாக்கி, கட்டுரையாகவும் வெளியிட்டார்கள், சரக்காக விற்பதைப் பற்றி ஆற அமர யோசித்துக்கொண்டிருந்தார்கள். லாரி எலிசன் கட்டுரைகளைப் படித்தார், அதே மொழி புரியும் டேட்டாபேஸ் எழுதி 1979-ல் சந்தைக்குக் கொண்டுவந்தார், ஐபிஎம்முக்கு இரண்டு வருஷம் முந்தி. முதல் சரக்கின் பெயர் வெர்ஷன் 2. வெர்ஷன் 1 என்றால் எவன் வாங்குவான்?

அதற்கு முந்தைய வருஷம், எஸ்க்யூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான டான் சேம்பர்லினுக்கு எலிசனிடமிருந்து போன் வந்திருக்கிறது. உங்கள் மொழியைத்தான் நாங்களும் செய்கிறோம், எல்லாம் உங்களுடையதைப்போலவே இருக்க வேண்டும், புரோகிராம் தப்பானால் திரையில் வருமே எர்ரர் நம்பர்கள், அந்த லிஸ்ட் கிடைத்தால் தேவலை என்று கேட்டார். சேம்பர்லின் மேலே கேட்டுப் பார்த்தார். கம்பெனி ரகசியம், தர முடியாது என்றார்கள். வேறு வழியில்லாமல் ஆரக்கிள் தன் தப்புகளுக்கு மட்டும் சொந்தமாக நம்பர் போட்டுக்கொண்டது.